சோதனைக் குழாயில் ஒரு பூண்டு

சித்திரை வெயில் தொடங்கிவிட்டால் புதுச்சேரியில் மொட்டை மாடிகளுக்கு மவுசு வந்துவிடும். சின்ன வெங்காயத்தை நறுக்கி, பூண்டைத் தட்டி, கடுகு, வெந்தயம், சீரகம், உளுத்தம்பருப்பு, கறிவேப்பிலை, மஞ்சள்தூள் எல்லாம் சேர்த்துப் பிசைந்து, விளக்கெண்ணெய் தொட்டு உருண்டை பிடித்து நாள்கணக்கில் காயவைத்தால் வடகம் ரெடி. மீன்குழம்போ காரக்குழம்போ, கடைசியில் இந்த வடகத்தைத் தாளித்துக் கொட்டினால்தான் தெருவுக்கே மணக்கும். இதே வடகம்தான் கடல் கடந்து பிரான்சுக்குப் போய், 'வதுவான்' என்று பெயரை மாற்றிக்கொண்டு, பெரிய ஓட்டல்களின் சமையலறையில் விலை உயர்ந்த மசாலாவாக உட்கார்ந்திருக்கிறது.

இந்த வடகத்தின் வாசனையில் பெரும்பங்கு வெங்காயத்துக்கும் பூண்டுக்கும். ஆனால் புதுச்சேரிப் பக்கம் பூண்டுத் தோட்டம் என்று ஒன்றை யாராவது பார்த்ததுண்டா? பெரிய மார்க்கெட் என்று ஊரே சொல்லும் குபேர் அங்காடிக்குப் போனால் மூட்டை மூட்டையாகப் பூண்டு இருக்கும். எல்லாம் வெளியூர்ச் சரக்கு. பெரும்பாலும் வடநாட்டிலிருந்து லாரியில் வருவது. கொஞ்சம் கொடைக்கானல், நீலகிரி மலைப்பூண்டு. 2024-ன் தொடக்கத்தில் தமிழ்நாட்டிலும் புதுச்சேரியிலும் பூண்டு கிலோ 400 ரூபாயைத் தாண்டியது. குழம்புக்குப் பத்துப் பல் போடுகிற வீட்டில் ஐந்து பல் போட்டார்கள். அதற்கு இரண்டு வருடம் முன்பு, 2022-ல், விலை அடியோடு விழுந்து மத்தியப் பிரதேச விவசாயிகள் பூண்டை ஆற்றில் கொட்டினார்கள். அதே பூண்டு, அதே நாடு!

இப்படி ஆடுகிற ஒரு பயிரைப் பற்றிப் பல்கலைக்கழக ஆய்வகங்களில் என்ன நடக்கிறது? கண்ணாடிக் குழாய்க்குள் பூண்டு வளர்க்கிறார்கள். அது குமிழாகத் திரளும்போது எந்த நொதி, அதாவது எந்த என்சைம், எவ்வளவு வேலை செய்கிறது என்று அளக்கிறார்கள். கேட்டவுடன் பலருக்கும் சிரிப்பு வரும். "கிலோ நானூறுக்கு விற்கிறது, இவர்கள் குழாய்க்குள் பூண்டை வைத்து விளையாடுகிறார்களா?"

அது விளையாட்டு இல்லை. பூண்டு விவசாயிக்கு இன்றைக்கு ஆகவேண்டிய முக்கியமான காரியம் அந்தக் குழாய்க்குள்தான் இருக்கிறது. ஆனால் நொதியின் அளவை ஒரு வரைபடமாகப் போட்டு, ஆய்வேட்டைக் கட்டி அலமாரியில் வைத்ததோடு வேலை முடிந்தது என்று நினைத்தால், சிரித்தவர்கள் சரி என்றுதான் சொல்லவேண்டியிருக்கும்.

வெயிலில் ஏன் திரளாது?

முதலில் ஒரு சின்னப் பரிசோதனை. புதுச்சேரியில் ஒரு தொட்டியில் பூண்டுப் பல்லை ஊன்றி வையுங்கள். பச்சைப் பசேலென்று இலை வரும். தோண்டிப் பார்த்தால் அடியில் குமிழ் பெரும்பாலும் இருக்காது. வெங்காயத்தாள் மாதிரி ஒரு தண்டு மட்டும் இருக்கும்.

காரணம் எளிமையானது. பூண்டு, பல் பிரிந்து குமிழாகத் திரளவேண்டும் என்றால் முதலில் குளிர் பட வேண்டும். பிறகு பகல் நீள வேண்டும். புதுச்சேரி நிலநடுக்கோட்டிலிருந்து சுமார் 12 டிகிரி வடக்கே இருக்கிறது. ஆனி மாதத்தின் மிக நீண்ட பகலே இங்கே 13 மணி நேரத்தைத் தொடாது. குளிரைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். மார்கழியில்கூட மின்விசிறி ஓடுகிற ஊர் இது. கொடைக்கானல் இன்னும் தெற்கே இருக்கிறது, பகல் இன்னும் குறைவு. ஆனால் கடல் மட்டத்திலிருந்து சுமார் 2,100 மீட்டர் உயரம். பகல் நீளத்தில் உள்ள குறையைக் குளிர் ஈடுகட்டிவிடுகிறது. பூம்பாறையிலும் மன்னவனூரிலும் பூண்டு விளைவதன் ரகசியம் அதுதான்.

ஆக, குளிரும் வெளிச்சமும் கையில் இருந்தால் பூண்டை எங்கே வேண்டுமானாலும் திரள வைக்கலாம். ஆய்வகத்தில் செய்வது அதைத்தான். குளிர்பதனப் பெட்டியில் 4, 5 டிகிரியில் சில வாரம். பிறகு விளக்கு வெளிச்சத்தில் தினமும் 16 மணி நேரம். மண்ணுக்குப் பதில் அகார் என்ற கடற்பாசிக் கூழ். அதில் உப்புச் சத்துக்கள், வைட்டமின், சர்க்கரை. முராஷிகி, ஸ்கூக் என்ற இருவர் 1962-ல் வெளியிட்ட சத்துக்கலவைதான் இன்றுவரை உலகம் முழுவதும் திசு வளர்ப்பு அறைகளில் சமையல் குறிப்பு மாதிரி புழங்குகிறது.

வழக்கமாக ஒரு லிட்டருக்கு 30 கிராம் சர்க்கரை போடுவார்கள். பூண்டு குமிழ் கட்டவேண்டும் என்றால் அதை 80, 100, 120 கிராம் வரை கூட ஏற்றுவார்கள். பாயசம் மாதிரி! இலை விடுவதற்கு வேண்டிய சர்க்கரை வேறு, சேமித்து வைப்பதற்கு வேண்டிய சர்க்கரை வேறு. கையில் மிச்சம் இருந்தால்தானே சேமிக்க முடியும்? மனிதர்களின் வங்கிக் கணக்குக்கும் பூண்டின் கணக்குக்கும் அதில் பெரிய வித்தியாசம் இல்லை.

இன்னொரு விஷயமும் கண்டுபிடித்திருக்கிறார்கள். ஜாஸ்மோனிக் அமிலம் என்று ஒன்று. மல்லிகை எண்ணெயில் உள்ள வாசனைப் பொருளின் நெருங்கிய சொந்தம். அதைச் சிறிதளவு கலந்தால் குழாய்க்குள் குமிழ் கட்டுவது தூண்டப்படுகிறது என்று 1993-ல் ஸ்லோவேனிய ஆய்வாளர்கள் எழுதினார்கள். மல்லிகைக்கும் பூண்டுக்கும் இப்படி ஒரு உறவு!

குமிழுக்குள் நடக்கும் கணக்கு வழக்கு

சரி, குமிழ் திரளும்போது உள்ளே என்ன நடக்கிறது?

உருளைக்கிழங்கு சேமிப்பது மாவுச்சத்து. பூண்டில் மாவுச்சத்து கிட்டத்தட்ட இல்லை. அது ஃப்ரக்டான் என்ற வேறு வகைச் சத்தைச் சேமிக்கிறது. காய்ந்த பூண்டின் எடையில் பெரும்பகுதி அதுதான். இலையிலிருந்து, குழாய்க்குள் என்றால் கூழிலிருந்து, வருகிற சர்க்கரையை இன்வர்டேஸ் என்ற நொதி உடைக்கும். இன்னொரு வகை நொதிகள் சர்க்கரையிலிருந்து ஃப்ரக்டோஸை எடுத்து ஒன்றோடு ஒன்று கோர்த்துச் சங்கிலியாக்கும். ஒன்று சில்லறை மாற்றுகிறது, மற்றொன்று சில்லறையைக் கட்டி டெபாசிட் போடுகிறது. செடி வளர்கிற பருவத்தில் சில்லறை மாற்றும் வேலை தூக்கலாக இருக்கும். குமிழ் திரள்கிற பருவத்தில் டெபாசிட் வேலை தூக்கலாகும். எந்த நாளில் எது மேலே, எது கீழே என்று அளந்தால், செடி எப்போது மனசு மாறி 'போதும் வளர்ந்தது, இனி சேமிப்போம்' என்று தீர்மானித்தது என்பது தெரிந்துவிடும்.

இரண்டாவது நொதி சமையலறைக்குத் தெரிந்தது, பெயர்தான் தெரியாது. அல்லினேஸ். பூண்டுப் பல்லின் புரதத்தில் சுமார் 10 சதவீதம் இது ஒன்றுதான் என்று சொல்கிறார்கள். முழுப் பல்லை முகர்ந்தால் பெரிதாக வாசனை இல்லை. அம்மியில் வைத்துத் தட்டினால் மறுநொடி வீடெல்லாம் மணக்கிறது. ஏன்? அல்லின் என்ற மூலப்பொருள் ஒரு வகைச் செல்லில் இருக்கிறது. அல்லினேஸ் அதற்கு அடுத்த செல்லில், தனி அறையில் பூட்டிக் கிடக்கிறது. தட்டும்போது சுவர் உடைந்து இரண்டும் சந்திக்கின்றன. பிறக்கிறது அல்லிசின். 1944-ல் அமெரிக்காவில் கேவலிட்டோவும் பெய்லியும் பிரித்தெடுத்த பொருள் இது. கிருமியைக் கொல்லும் காரம் அதில்தான்.

நொதி சூட்டில் செத்துவிடும். அதனால்தான் பூண்டுக் குழம்பில் முழுசாக வேகவைத்த பல் வெண்ணெய் மாதிரி இனிக்கிறது. ரசத்துக்குத் தட்டிப் போட்ட பூண்டோ நெடி ஏறுகிறது. பூண்டு ஒன்றுதான். தட்டியது முதலா, சுட்டது முதலா என்பதில் எல்லாம் மாறிவிடுகிறது. இதை எந்த ஆய்வகமும் இல்லாமல் வீட்டுப் பெண்கள் காலகாலமாகத் தெரிந்து வைத்திருக்கிறார்கள்.

குழாய்ப் பூண்டுக்கு இதில் என்ன சம்பந்தம்? பூண்டுத் திசுவை உருத்தெரியாத வெறும் செல் கூட்டமாக, அதாவது கேலஸாக, வளர்த்தால் அதில் வாசனை சரியாக வராது. மூலப்பொருளும் நொதியும் சொற்பம். தண்டு, இலை, குமிழ் என்று உருவம் எடுக்க எடுக்கத்தான் அது பூண்டாகிறது. பூண்டின் செல்தான், ஆனால் பூண்டு இல்லை! ஆகவே குழாய்க்குள் திரண்ட மிளகு அளவுக் குமிழைப் பார்த்து 'இது உண்மையான பூண்டா, பெயருக்குப் பூண்டா' என்று கேட்டால், சாட்சி சொல்லக்கூடியது நொதிதான். அல்லினேஸ் வேலை செய்யும்போது பைருவிக் அமிலம் என்று ஒரு உபபொருள் வெளிவரும். அதை அளந்து காரத்தைச் சொல்லும் முறை வெங்காயத்துக்கு 1961-லேயே வந்துவிட்டது. ஒரு கல்லூரி ஆய்வகத்தில் செய்யக்கூடிய சோதனைதான்.

இந்த இடத்தில்தான் பெரும்பாலான ஆய்வுகள் முற்றுப்புள்ளி வைக்கின்றன. விவசாயிக்கு அதுதான் ஆரம்பப் புள்ளி.

பல்லை நட்டுப் பல்லை அறுக்கும் தொழில்

நெல்லுக்கு விதை உண்டு, மிளகாய்க்கு விதை உண்டு. பயிராகும் பூண்டுக்கு உருப்படியான விதை கிடையாது. 1980-களில் மத்திய ஆசியாவில் விதை பிடிக்கிற சில வகைகளைக் கண்டுபிடித்தார்கள். அது ஆராய்ச்சிக்கு உதவியது, கொடைக்கானல் தோட்டத்துக்கு வரவில்லை. இங்கே பூண்டை நட்டால்தான் பூண்டு. போன பட்டத்தில் அறுத்ததில் நல்லதாகப் பார்த்து எடுத்துவைத்து, அடுத்த பட்டத்துக்குப் பல் பிரித்து ஊன்ற வேண்டும்.

இதில் இரண்டு பிரச்சினை.

ஒன்று பணம். ஒரு ஹெக்டேருக்கு 500 முதல் 600 கிலோ விதைப்பூண்டு வேண்டும் என்பது தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் பரிந்துரை. ஏக்கருக்குக் குறைந்தது 200 கிலோ. பெரிய வெங்காயத்துக்கு ஏக்கருக்கு மூன்று, நான்கு கிலோ விதை போதும். பூண்டு கிலோ 200 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் ஏக்கருக்கு விதை மட்டும் 40,000 ரூபாய். 400 ரூபாய் என்றால் 80,000. கடையில் பூண்டு விலை ஏறும்போது 'விவசாயிக்கு யோகம்' என்று ஊர் பேசும். ஆனால் அந்த விவசாயி அடுத்த பட்டத்துக்கு விதை வாங்கப் போனால் அதே ஏறிய விலைதான். லாபத்தின் ஒரு பகுதி மறுபடி மண்ணுக்குள் போகிறது. விலை விழுந்தாலோ விதைக்கு எடுத்து வைத்ததையும் விற்றுத்தான் கடனை அடைக்க வேண்டும். ஏறினாலும் அடி, இறங்கினாலும் அடி.

இரண்டாவது நோய். விதை வழியாக வளரும் பயிரில் பெரும்பாலான வைரஸ்கள் அடுத்த தலைமுறைக்குப் போவதில்லை. பூண்டில் அந்த வடிகட்டி கிடையாது. அசுவினிப் பூச்சியும் கண்ணுக்குத் தெரியாத சிலந்திப் பேனும் கொண்டுவந்து சேர்க்கிற வைரஸ், தாய்ப் பூண்டிலிருந்து பல்லுக்கு, பல்லிலிருந்து அடுத்த பூண்டுக்கு என்று இறங்கிக்கொண்டே இருக்கும். ஒன்றிரண்டு அல்ல, நாலைந்து வைரஸ்கள் ஒரே செடியில் குடியிருக்கும். இதில் வேதனை என்னவென்றால், செடி சாவதில்லை. செத்தால் விவசாயிக்குத் தெரிந்துவிடும். இலையில் மஞ்சள் கோடு விழுகிறது, குமிழ் கொஞ்சம் சிறுக்கிறது, அடுத்த முறை இன்னும் கொஞ்சம். 'மண்ணு பழையபடி இல்லை', 'மழை சரியில்லை' என்று காரணம் சொல்லிக்கொண்டு இன்னும் இரண்டு மூட்டை உரம் போடுகிறார்கள். உரத்துக்கு வைரஸ் போகுமா?

கொடைக்கானல் மலைப்பூண்டுக்கு 2019-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. கொடைக்கானல் அன்னை தெரசா மகளிர் பல்கலைக்கழகம் அதற்காக உழைத்தது. பாராட்ட வேண்டிய காரியம். மணமும் காரமும் அதிகம், நாள்பட வைத்திருந்தாலும் கெடாது, பிள்ளை பெற்ற பெண்ணுக்குக் கொடுக்கவென்று தேடி வாங்குகிற பூண்டு அது. குறியீடு வந்ததால் வேறு ஊர்ப் பூண்டை மலைப்பூண்டு என்று சொல்லி விற்பவனைத் தட்டிக்கேட்கச் சட்டம் இருக்கிறது. ஆனால் புவிசார் குறியீடு பெயரைத்தான் காக்கும். பூண்டைக் காக்காது. மலையில் இருக்கிற விதையே வருடத்துக்கு வருடம் நலிந்துகொண்டு வந்தால், ஒருநாள் பெயர் மட்டும் மிஞ்சும்.

25 குழாய், ஒரு ஏக்கர்

இங்கேதான் குழாய்ப் பூண்டு உதவிக்கு வருகிறது. செடியின் நுனியில், வளர்ந்துகொண்டே இருக்கிற கடுகைவிடச் சிறிய ஒரு முனை உண்டு. செடி முழுக்க வைரஸ் இருந்தாலும் அந்த முனையில் பெரும்பாலும் இருக்காது. அதை மட்டும் நுண்ணோக்கியின் கீழ் வெட்டியெடுத்துக் குழாயில் வளர்த்தால் சுத்தமான செடி கிடைக்கும். முதன்முதலில் இப்படி டாலியாச் செடியிலிருந்து வைரஸை நீக்கிக் காட்டியவர்கள் ஜார்ஜ் மொரெல், குளோத் மர்த்தேன் என்ற இரண்டு பிரெஞ்சுக்காரர்கள். வருடம் 1952. அப்போது புதுச்சேரி இன்னும் பிரெஞ்சு ஆட்சியில்தான் இருந்தது.

'அப்படியானால் திசு வளர்ப்பு வாழை மாதிரி பூண்டுக் கன்றும் விற்கலாமே?' என்று கேட்கலாம். முடியாது. வாழை ஒரு கன்றுக்கு ஒரு தார். தார் நூற்றுக்கணக்கான ரூபாய்க்கு விலைபோகும், கன்றுக்குச் சில ரூபாய் கொடுப்பது கட்டும். பூண்டில் ஒரு செடிக்கு ஒரு குமிழ், சுமார் 25 கிராம். கிலோவுக்கு 40 நிற்கும். கிலோ 200 என்றால் ஒரு குமிழ் ஐந்து ரூபாய். ஐந்து ரூபாய் பொருளுக்குப் பத்து ரூபாய் கன்று யார் வாங்குவார்? ஆய்வகப் பூண்டு 'கட்டுப்படியாகாது' என்று பலர் கைவிடுவது இந்த ஒரு கணக்கைப் பார்த்துத்தான்.

கணக்கை வேறு மாதிரி போட வேண்டும். குழாய்ச் செடி விவசாயிக்கு விற்கிற கன்று அல்ல, தாய்ச் செடி. ஒரு தாய்ச் செடிக்கு ஆய்வகச் செலவு 100 ரூபாய் என்று தாராளமாகவே வைத்துக்கொள்ளுங்கள். குழாய்க் குமிழை முதலில் வலைக் கூடாரத்தில் நட்டால் பெரும்பாலும் ஒற்றைப் பல் பூண்டாகத்தான் பெருக்கும். அந்தப் பட்டத்தைக் கணக்கில் விட்டுவிடுங்கள். அதற்குப் பிறகு ஒரு குமிழுக்கு 8 நல்ல பல் என்று வைத்தால், 8, 64, 512, 4,096. நான்கே பட்டம்! நூறு ரூபாயை 4,096-ஆல் வகுத்தால் ஒரு பல்லுக்கு இரண்டரை பைசா.

ஒரு ஏக்கருக்குச் சுமார் ஒரு லட்சம் பல் தேவை என்றால், 25 தாய்ச் செடி போதும். ஆய்வகத்தில் 25 குழாய். செலவு 2,500 ரூபாய். இதோடு வலைக் கூடாரம், கூலி, நோய்ப் பரிசோதனை, அழுகல், இழப்பு எல்லாம் சேரத்தான் செய்யும். இரண்டு மூன்று மடங்கு, ஏன், பத்து மடங்கு ஆனாலும் 25,000. இன்றைக்கு ஏக்கருக்கு 40,000 கொடுத்து நோய் கலந்த விதை வாங்குவதோடு ஒப்பிட்டுப் பாருங்கள். குறை ஆய்வகத்தின் விலையில் இல்லை. ஆய்வகத்துக்கும் வயலுக்கும் நடுவில் இருக்க வேண்டிய அந்த நான்கைந்து பட்டத்துக்குப் பொறுப்பேற்க ஆள் இல்லாததில் இருக்கிறது.

பல்கலைக்கழகம் 'குழாய்க்குள் குமிழ் கட்டியாயிற்று, எங்கள் வேலை முடிந்தது' என்கிறது. தோட்டக்கலைத் துறை 'தயாரான விதை வந்தால் கொடுப்போம்' என்கிறது. விவசாயி இரண்டு பேரையும் பார்த்துவிட்டுச் சந்தையில் கிடைத்ததை வாங்கி நடுகிறார்.

பிரான்ஸ் என்ன செய்தது?

பிரான்சில் இந்த நடு வேலையைச் செய்தார்கள். அவர்களுடைய அரசு வேளாண் ஆய்வு நிறுவனமான இன்ரா, 1970-களில் நுனித் திசு முறையில் வைரஸ் நீக்கிய பூண்டு ரகங்களைக் கொண்டுவந்தது. ஆய்வோடு நிறுத்தாமல், பூச்சி புகாத கூடாரத்தில் சில தலைமுறை, பிறகு கண்காணிப்புள்ள வயலில் சில தலைமுறை, கடைசியில் சான்றிதழ் ஒட்டிய விதைப்பூண்டு என்று ஒரு ஏணியைக் கட்டினார்கள். தெற்கே தார்ன் மாவட்டத்தில் லோத்ரெக் என்ற சிற்றூர். அதன் இளஞ்சிவப்புப் பூண்டுக்கு 1966-ல் தர முத்திரை, 1996-ல் ஐரோப்பியப் புவிசார் பாதுகாப்பு. அந்தத் தர முத்திரையோடு விற்க வேண்டும் என்றால் சான்று பெற்ற விதையிலிருந்து விளைவித்திருக்க வேண்டும்.

கவனியுங்கள். அங்கே பெயரையும் விதையையும் ஒரே கயிற்றில் கட்டிவிட்டார்கள். இங்கே பெயருக்குச் சான்றிதழ் வாங்கிவிட்டு விதையை மறந்துவிட்டோம். புதுச்சேரியின் வடகம் பிரான்சுக்குப் போய்ப் பேரும் புகழும் வாங்கியது போல, பிரான்சின் இந்த ஒரு பழக்கம் இங்கே வந்தால் என்ன?

மறுத்துச் சொல்பவர்களுக்கு

எதிர்வாதங்கள் இருக்கின்றன. அவை நியாயமானவையும்கூட.

'ஆய்வகத்தில் வளர்த்தால் மலைப்பூண்டின் குணமே மாறிவிடாதா?' மாறலாம். குறிப்பாகக் கேலஸாக வளர்த்துச் செடியாக்கினால் மாறுதல்கள் வரும். நுனியிலிருந்து நேரடியாக வளர்த்தால் அந்த அபாயம் மிகக் குறைவு. அப்படியும் சந்தேகம் இருந்தால் அளந்து பார்க்கலாமே! அல்லினேஸ் எவ்வளவு, பைருவிக் அமிலம் எவ்வளவு, ஃப்ரக்டான் எவ்வளவு என்று தாய்ப் பூண்டையும் குழாய்வழிப் பூண்டையும் பக்கத்தில் வைத்து ஒப்பிடலாம். நொதி ஆய்வு வெறும் ஏட்டுச் சுரைக்காயா, கறிக்கு உதவுமா என்று கேட்டால் இதுதான் பதில். ஒவ்வொரு தொகுதி விதையும் மலைப்பூண்டுதான் என்று சொல்லும் சாட்சிப் பத்திரமாக அதை மாற்ற முடியும்.

'சுத்தமான விதை கொடுத்தாலும் அசுவினி மறுபடி வைரஸைக் கொண்டுவராதா?' கொண்டுவரும். அதனால்தான் ஒருமுறை கொடுத்துவிட்டுப் போட்டோ எடுத்துக்கொள்கிற திட்டம் உதவாது. சில வருடத்துக்கு ஒருமுறை விதையை மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும். வீட்டுக்கு வெள்ளையடிப்பது போல.

'விவசாயி பரம்பரையாகக் காப்பாற்றி வந்த விதையைப் பிடுங்கி, ஆய்வக விதையை அவர் தலையில் கட்டுவதா?' இது எல்லாவற்றையும்விட முக்கியமான கேள்வி. விடையும் தெளிவு. குழாய்க்குள் போக வேண்டியது வேறு எங்கோ உருவாக்கிய ரகம் அல்ல. பூம்பாறைத் தோட்டத்துப் பூண்டே போக வேண்டும், சுத்தமாகித் திரும்பி அதே தோட்டத்துக்கு வர வேண்டும். தாய்ச் செடி மீது காப்புரிமை என்று எந்த நிறுவனமும் உட்கார்ந்துகொள்ளக் கூடாது. பெருக்குகிற வேலையையும் மலையில் உள்ள விவசாயிகள் குழுக்களே செய்தால், விதை விற்கிற லாபமும் மலையிலேயே தங்கும்.

இதில் புதுச்சேரிக்கு என்ன வேலை?

பூண்டு விளையாத ஊர் பூண்டைப் பற்றி ஏன் பேச வேண்டும்? முதல் கட்டத்துக்கு மலை தேவையில்லை என்பதால்தான். குளிர்பதனப் பெட்டியும் விளக்கும் சுத்தமான கையும் இருந்தால் போதும். காலாப்பட்டில் மத்தியப் பல்கலைக்கழகம் இருக்கிறது. குரும்பாபேட்டில் வேளாண் அறிவியல் நிலையம் இருக்கிறது. காரைக்காலில் வேளாண் கல்லூரி இருக்கிறது. பிரெஞ்சைப் பாடமாகப் படித்துவிட்டு மதிப்பெண்ணோடு மறந்துவிடுகிற மாணவர்கள் நகரம் முழுக்க இருக்கிறார்கள். பிரான்சின் விதைச் சான்று விதிகளை அவர்கள் படித்துத் தமிழில் எழுதினால் அந்த மொழிப்பாடத்துக்கும் ஒரு பயன் கிடைக்கும். வணிகவியல் மாணவர்களுக்கும் வேலை உண்டு. குழாயிலிருந்து மூட்டை வரை ஒரு பல்லின் அடக்கவிலை என்ன என்று போட்டுக் காட்ட வேண்டியது அவர்கள்தான். விஞ்ஞானிக்கு நொதியின் கணக்கு தெரியும், விவசாயிக்கு வயலின் கணக்கு தெரியும். நடுவில் இருக்கிற கணக்கைப் போட ஆள் இல்லாததால்தான் இரண்டும் இத்தனை நாள் சந்திக்காமல் இருக்கின்றன.

அல்லினும் அல்லினேஸும் மாதிரி. ஒரே பல்லுக்குள்தான் இருக்கின்றன, பக்கத்துப் பக்கத்து அறையில். நடுச்சுவர் இருக்கும் வரை வாசனை இல்லை. சுவர் உடைந்தால்தான் மணம், காரம், மருந்து எல்லாம்.

ஆய்வேட்டில் நொதியின் வரைபடம் போடுகிற மாணவரோ மாணவியோ, கடைசிப் பக்கத்தில் ஒரே ஒரு வரி கூடுதலாக எழுதட்டும்: 'இந்தக் குமிழ்கள் இன்ன தோட்டத்திலிருந்து எடுத்தவை, இன்ன தேதியில் அந்தத் தோட்டத்துக்கே திருப்பிக் கொடுக்கப்பட்டன.' அந்த ஒரு வரி எழுத முடிந்தால், அடுத்த சித்திரையில் இல்லாவிட்டாலும் அதற்கு ஐந்தாறு சித்திரை தாண்டியாவது, புதுச்சேரி மொட்டை மாடியில் பூண்டு தட்டுகிறவர்கள் பல்லை எண்ணாமல் தட்டலாம்.